தோளுக்கும் தோளுக்கும் நடுவே

மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு மரப்பெட்டியை ஏற்றிவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் கொஞ்ச நேரம் எதையோ தேடிவிட்டு, வெளியே வந்து 'ரெடி' என்று சொல்லி ரப்பர் பந்தை அமுக்குவதோடு போட்டோக்காரனுடைய காரியம் முடிந்துவிடுகிறது என்பதுதான் பொதுஜனங்களின் அபிப்பிராயம். அமுக்குகிற அந்தக் காரியத்துக்கு, நான் தொழில் பழகிய நாளில், ஒரு விநாடி பிடிக்கும். மேகம் மூடியிருந்தால் இரண்டு விநாடி. அந்த ஒரு விநாடிக்காக, பதினைந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை, அவர்களுடைய பட்டுப்புடவைகளோடும் பிணக்குகளோடும் வெற்றிலைச் செல்லத்தோடும் தூங்கி வழியும் குழந்தைகளோடும், ஒரே திசையில் பார்க்கும்படி ஆயத்தப்படுத்துவதற்குள் எங்கள் ஆசான் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். தொழிலின் சாரம் முழுவதும் அந்த ஆயத்தத்தில் அடங்கியிருக்கிறது என்று சொல்ல எனக்கு ஓரளவு அதிகாரம் உண்டென்றே நினைக்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோ மாயூரத்தில், பட்டமங்கலத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது. ஊர் 1982இல் மயிலாடுதுறை என்ற தன் பழம்பெயரைத் திரும்பப் பெற்றுவிட்டபோதிலும், பழகிய நாக்கு இன்னும் மாயூரம் என்றே சொல்லுகிறது. குடும்பப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் அன்றைய தஞ்சை ஜில்லாவிலேயே இருந்ததில்லை என்பது என் துணிபு. கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் திருக்கடையூர். அறுபது நிறைந்தவர்களும் எண்பது நிறைந்தவர்களும் மனைவி கழுத்தில் மறுபடி தாலி கட்டிக்கொண்டு, தரங்கம்பாடி ரயிலிலோ வாடகைக் காரிலோ மாயூரத்துக்குத் திரும்பி, ஜங்ஷனில் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் இடைவேளையில் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள். ஐப்பசி மாதத்தில் காவேரித் துலா ஸ்நானத்துக்கு வெளியூரிலிருந்து வந்து உறவினர் வீடுகளில் தங்குகிறவர்கள், ஒன்றாகச் சேர்ந்ததே சேர்ந்தோம், ஒரு குரூப் எடுத்துக்கொள்வோம் என்று புறப்படுவார்கள். ஊருக்குள்ளேயே கூறைநாடு இருந்ததால் முகூர்த்த மாதங்களில் கூறைப்புடவை எடுக்க வந்த சம்பந்திகளும் உண்டு. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்ற பயம் அந்தத் தலைமுறைக் கிழவர்களிடம் பலமாக இருந்தது. மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் யமனை உதைத்த ஸ்தலத்திலிருந்து நேரே வந்தவர்கள்கூட எங்கள் காமிராவின் முன் உட்காரும்போது சற்று யோசித்தது எனக்கு அந்த வயதில் வேடிக்கையாக இருந்தது.

குரூப் எடுப்பதென்றால் முன்கூட்டி ஒருவர் வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது பிள்ளையோ மூத்த மாப்பிள்ளையோ வருவார். அவர் முதலில் விலையைக் கேட்பார். எங்கள் ஆசான் அதற்குப் பதில் சொல்லாமல், உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்து, தாம் கேட்க வேண்டியவற்றைக் கேட்பார். மொத்தம் எத்தனை பேர் என்பது அவருக்கு முதற்கேள்வியன்று. "மாடி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர்?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒரு கேள்வியிலேயே வீட்டில் எத்தனை பெரியவர்கள், அவர்களுடைய தேகஸ்திதி எப்படி, யாரை முன்னிட்டு இந்தப் படம் எடுக்கப்படுகிறது என்ற விவரமெல்லாம் வந்து விழுந்துவிடும். வந்தவர், "அப்பாவுக்கு இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும்போதே, ஆசான் மேலே எதுவும் கேட்காமல் ரிஜிஸ்தரில் அந்த வரிக்கு எதிரே ஒரு சிறு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியின் தாத்பரியம் எனக்கு விளங்க நெடுநாள் ஆயிற்று.

அடுத்தது நேரம். எங்கள் ஸ்டூடியோவுக்கு வடபுறச் சரிவுக் கூரையில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்து, அதற்கு அடியில் மல் துணித் திரைகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளும்படி செய்திருந்தது. தெற்கு வெயில் நேரே விழுந்தால் கண் கூசி நெற்றி சுருங்கும். வடக்கு வெளிச்சமோ நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக, நிழலுக்கு விளிம்பில்லாமல் இறங்கும். அதிலும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரையிலுள்ள வெளிச்சந்தான் ஆசானுக்குப் பிடித்தம். ஆனால் வாடிக்கைக்காரர்களுக்கோ பஞ்சாங்கம் இருந்தது. சனிக்கிழமையானால் ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். வெள்ளிக்கிழமையானால் பத்தரைக்கு மேல் பன்னிரண்டு வரை. ஆகையால் வெள்ளிக்கிழமைக்காரர்களை ஒன்பதுக்கும் சனிக்கிழமைக்காரர்களைப் பத்தே முக்காலுக்கும் வரச்சொல்லி, சூரியனையும் ராகுவையும் ஒருங்கே திருப்தி செய்யும் சாமர்த்தியம் அவருக்குக் கைவந்திருந்தது. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கே முடிந்துவிடுவதால், அந்த நாளை அவர் 'நம்முடைய நாள்' என்று குறிப்பிடுவார்.

உடை விஷயத்தில் நாங்கள் சொன்ன யோசனைகளைக் கேட்டு முகம் சுளிக்காத பெண்மணிகள் அபூர்வம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு சில வருஷங்கள் வரையில் எங்களிடம் புழங்கிய கண்ணாடிப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பு நிறத்தை உணராத ஜாதி. அந்த ஜாதிப் பிளேட்டை இருட்டறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டே கழுவலாம் என்பது எங்களுக்குச் சௌகரியம். அரக்குச் சிவப்பில் கூறைப்புடவை உடுத்தி வந்த அம்மாள் படத்தில் கறுப்புப் புடவை உடுத்தியவளாகத் தோன்றுவாள் என்பது அவளுக்கு நேர்ந்த அநியாயம். நெற்றியில் இட்ட குங்குமமும் கறுப்பாகத்தான் விழும். வான நீலமோ வெளுத்து வெள்ளைப் புடவையாகிவிடும். அறுபதாம் கல்யாணப் படத்தில் சுமங்கலி ஒருத்தி கறுப்பிலோ வெள்ளையிலோ தோன்றினால் அந்தப் படத்தை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? எனவே மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை என்று நாங்கள் நிறம் நிறமாகச் சொல்லி அனுப்ப, அவர்கள் சம்பிரதாயப்படி சிவப்பிலேயே வந்து நிற்க, ஆசான் சரிகைக் கரையை நன்றாகப் பிரித்துத் தொடைமேல் விரியும்படி மடித்துவிட்டு, அந்தச் சரிகையின் பளபளப்பைக் கொண்டே புடவையைக் கறுப்பினின்றும் மீட்பார். பிற்பாடு எல்லா நிறத்தையும் உணரும் பிளேட்டுகளும் பிலிம்களும் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கி இந்தத் தொல்லை தீர்ந்தது. அதற்கு ஈடாக இருட்டறையில் சிவப்பு விளக்கும் அணைந்து, விரல் நுனியே எங்களுக்குக் கண்ணாயிற்று.

முகத்தின் ஆயத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அது தனிப் புராணம். பெரியவர்கள் சுபகாரியத்துக்குப் புறப்படுவதுபோல் அன்று காலையிலேயே எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு வருவார்கள். எவ்வளவு சீயக்காய் தேய்த்திருந்தாலும் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ப் பசை நின்று, படத்தில் வெள்ளைத் திட்டுகளாக மின்னும். அதனால் எண்ணெய் தேய்த்துக்கொள்வதாயிருந்தால் முந்தின நாளே முடித்துக்கொள்ளும்படி சொல்லியனுப்புவோம். க்ஷவரமும் அப்படித்தான், அன்று காலை நாவிதர் கத்தி பட்ட சிவப்பெல்லாம் அந்தப் பிளேட்டில் கரும்புள்ளியாக விழும் என்பதால், முந்தின நாள் சாயங்காலம் செய்துகொண்ட முகமே எங்களுக்கு உத்தமம். இளையவர்கள் குட்டிகூரா பவுடரைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு கழுத்தை மறந்துவிடுவார்கள். படத்தில் கழுத்து ஒருவருடையதும் முகம் வேறொருவருடையதுமாகத் தோன்றும். இவர்களுக்காகவே மாடிப்படி முடிவில் ஒரு முக்காலியின் மேல் செம்பும் தாம்பாளமும் துவைத்த துண்டும் வைத்திருந்தோம். எல்லாவற்றையும்விட வெற்றிலைதான் எங்களுக்குப் பரம சத்துரு. தாம்பூலம் தரித்த உதடு கண்ணுக்கு எத்தனை லக்ஷணமாயிருந்தாலும், சிவப்பறியாத பிளேட்டில் அது மை பூசிய உதடாகிவிடும். காலை எழுந்தது முதல் வாயில் வெற்றிலை அடக்கியே பழகிவிட்ட ஒரு பாட்டியம்மாளிடம் போய்க் கொப்பளிக்கச் சொல்லுவது சாமானியமான காரியமன்று. அதை ஆசான் என்னிடம் விடமாட்டார். தாமே செம்பை எடுத்துக்கொண்டு போய், "அம்மா, படம் ஆனதும் நம்ம வீட்டுக் கொழுந்து வெற்றிலை தருகிறேன்" என்று நயந்து சொல்லி, சொன்னபடி தரவும் செய்வார்.

இனி ஆசனம். எந்த ராஜ்யத்திலும் சபைக்கு முறை உண்டு. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முன்வரிசை நாற்காலிகளுக்கு உள்ள முறையைப் போல் நுட்பமானது வேறில்லை. தாத்தாவும் பாட்டியும் நடுவில் என்பதில் தகராறு இல்லை. பாட்டி தாத்தாவுக்கு வலப்புறமா இடப்புறமா என்பதில் தொடங்கும். ஹோமத்தின்போது வலப்புறம் உட்கார்ந்தவள் இங்கே ஏன் இடப்புறம் போக வேண்டும் என்று ஓர் அத்தை கேட்பாள். ஆசீர்வாதம் வாங்கும்போது இடப்புறந்தானே என்று இன்னொருத்தி பதில் சொல்லுவாள். பிறகு தாத்தாவின் தம்பிக்கு நாற்காலி உண்டா. அவருக்கு உண்டென்றால் சம்பந்திக்கு உண்டா. சம்பந்தி உட்கார மாப்பிள்ளை நிற்கலாமா. ஆசான் இவை ஒன்றிலும் அபிப்பிராயம் சொல்லமாட்டார். ஒவ்வொரு குடும்பத்திலும் இந்த விஷயங்களில் எல்லோரும் பயப்படும் ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருப்பாள் என்பதும், அவள் யார் என்பது வந்த ஐந்து நிமிஷத்துக்குள் தெரிந்துவிடும் என்பதும் அவருடைய அனுபவம். அந்த அம்மாளை அணுகி, "நீங்கள் உட்காரவைத்துக் கொடுங்கள், நான் படம் எடுத்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, ஜமக்காளத்தை உதறிப்போடும் பாவனையில் ஒதுங்கிக்கொள்வார். ஐந்து நாற்காலிகளுக்கு மேல் எங்களிடம் இல்லை என்று அவர் சொன்னது பொய். உள்ளறையில் இன்னும் மூன்று உண்டு. நாற்காலி குறைவாயிருந்தால்தான் சபை சீக்கிரம் தீர்மானமாகும் என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தம் அபிப்பிராயத்தைக் காட்டிவிடுவார். அக்காலத்தில் கணவனை இழந்த மூதாட்டிகள், மழித்த தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு, "நான் எதற்கு, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கதவோரம் ஒதுங்கி நிற்பார்கள்; வீட்டாரும் அதை இயல்பாக எடுத்துக்கொண்டுவிடுவார்கள். ஆசான் அப்போது முன்வரிசை நடு நாற்காலியைக் காட்டி, "வீட்டுக்குப் பெரியவர்கள் உட்காராமல் மற்றவர்களை எப்படிச் சுற்றி நிறுத்துவது? எனக்கு அளவு தெரியவில்லையே" என்று, ஏதோ லென்ஸின் தேவைபோலச் சொல்லுவார். லென்ஸுக்கு அப்படி ஒரு தேவையும் கிடையாது. ஆனால் யந்திரத்தின் பேரால் சொன்னது சாஸ்திரத்தைவிட எளிதாகச் செல்லுபடியாயிற்று. அந்தப் பாட்டி, யாரையும் பார்க்காமல் வந்து, நாற்காலியின் நுனியில் உட்காருவாள்.

ஊரில் இல்லாதவர்களும் உண்டு. சிங்கப்பூரிலோ பினாங்கிலோ உத்தியோகமாயிருந்த பிள்ளைக்காகப் பின்வரிசையில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு எடுப்போம். அங்கிருந்து அவன் படம் வந்ததும் தலையையும் மார்பையும் அளவுக்குப் பெரிதாக்கி, கத்தரித்து, விளிம்பைப் பின்புறமாகத் தேய்த்து மெலியச்செய்து, அந்த இடத்தில் ஒட்டி, மறுபடி காப்பி எடுப்பது வழக்கம். எங்கள் ஸ்டூடியோவில் வெளிச்சம் இடப்புறமிருந்து வருமாகையால், அவனையும் இடப்புறம் ஜன்னல் இருக்கும்படி நின்று எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதச் சொல்லுவோம். எழுதாமல் விட்ட குடும்பங்களின் படங்களில் இரண்டு சூரியன்கள் பிரகாசித்துக்கொண்டிருக்கும்.

எல்லோரும் ஸ்தானத்தில் அமர்ந்தான பின்புதான் ஆசான் துணிக்குள் நுழைவார். தேய்த்த கண்ணாடியில் குடும்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். முன்வரிசையை அவர் நேர்கோடாக விடுவதில்லை. இரு ஓரங்களிலும் உள்ளவர்களைச் சற்று முன்னே இழுத்து, காமிராவை மையமாகக் கொண்ட வில்லைப்போல் வளைப்பார். அப்படிச் செய்தால் எல்லோரும் லென்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பார்கள்; இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் தாத்தா தெளிவாகவும் ஓரத்து மாப்பிள்ளை புகையாகவும் விழுவார்கள். லென்ஸின் துவாரத்தை எப் 16க்குச் சுருக்கிவிட்டால் முன்வரிசையும் பின்வரிசையும் தெளியும். ஆனால் அதற்குத் தகுந்தாற்போல் விநாடி நீளும், குழந்தை அசையும். இந்த இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசுவதே குரூப் எடுக்கும் வித்தை. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற துரையின் படங்களைப் பிற்காலத்தில் நான் பார்க்க நேர்ந்தபோது, அவற்றின் தெளிவை வியந்துகொண்டே, கோபுரத்துக்கு மடியில் கைக்குழந்தை இல்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

வளைவு பிடித்த பிறகு ஆசான் துணியைவிட்டு வெளியே வந்து, இன்னொரு காரியம் செய்வார். ரிஜிஸ்தரில் புள்ளி வைத்த அந்தப் பெரியவருடைய நாற்காலிக்கு இரு பக்கமும் இருப்பவர்களை நாலு விரற்கடை நகர்த்துவார். பின்னால் நிற்பவர் அவர் தோளில் கை வைத்திருந்தால் எடுத்துவிடுவார். மடியில் குழந்தையை வைத்திருந்தால் அதன் தலை தாத்தாவின் கழுத்துக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்வார். நெருங்கி உட்கார்ந்தால் பாசமாக இருக்குமே, இவர் ஏன் இப்படிப் பிரித்துவைக்கிறார் என்று எனக்கு வெகுகாலம் மனக்குறையாகவே இருந்தது. கேட்டபோது, "தம்பி, நாளைக்கு இவரைத் தனியாக எடுக்கச் சொல்லி வருவார்கள்" என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் வந்தார்கள். துலா ஸ்நானத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் வந்த கூட்டத்துக்கு அடுத்தபடி எங்கள் மாடிப்படியை அதிகமாக ஏறியவர்கள், கையில் ஒரு பழைய குரூப் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தலை மொட்டையடித்த கோலத்தில், பத்தாம் நாளுக்குள் வேண்டுமென்று கேட்டு வந்தவர்கள்தாம். பெரும்பாலான கிழவர்களுக்கு அவர்களுடைய ஆயுளில் தனிப்படம் ஒன்றுகூட இருந்ததில்லை. பேரன் உபநயனத்துக்கோ பேத்தி கல்யாணத்துக்கோ எடுத்த குரூப் ஒன்றில் எங்கோ உட்கார்ந்திருப்பதோடு சரி. அந்த ஒரு தலையை வெளியே எடுத்து, பெரிதாக்கி, சட்டத்தில் அடைத்துக் கொடுக்க வேண்டும். வேறு ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களைக் கொண்டுவருகிறவர்களிடம் நாங்கள் படாத பாடு படுவோம்: பாட்டியின் பாதிக் காது மருமகளின் புஜத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், தாத்தாவின் தோளில் நாலு விரல்கள் உடலில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றையெல்லாம் தூரிகையால் மூடி, இல்லாத காதை எழுதி, இல்லாத தோளை வரைந்து கொடுக்க வேண்டும். வரைந்த தோள் எத்தனை நன்றாயிருந்தாலும் வீட்டுப் பெண்களின் கண்ணுக்கு அது வேற்றாளின் தோளாகவே படும்.

இதில் கணக்கும் இருக்கிறது. ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்த ஒரு வரிசை பன்னிரண்டு அடி அகலம் வருமென்று வைத்துக்கொண்டால், ஆறரை அங்குல அகலமுள்ள அரை பிளேட்டில் ஒவ்வொரு தலைக்கும் மூன்றில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகமாக இடம் கிடைக்கும். அதைப் பன்னிரண்டு மடங்கு பெருக்கினால்தான் கூடத்தில் மாட்டுகிற அளவுக்கு முகம் வரும். பன்னிரண்டு மடங்கில் கண்ணின் கருமணி கரைந்து போகும். எட்டரைக்கு ஆறரை அங்குல முழு பிளேட்டில் எடுத்தால் அந்த முகம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக விழும், கருமணி தப்பிவிடும். இதனாலேயே பத்துப் பேருக்கு மேற்பட்ட குரூப்பென்றால் ஆசான் அரை பிளேட்டுக்கு இசையமாட்டார். செலவைப் பார்த்து வாடிக்கைக்காரர் தயங்கினால், விலையைக் குறைத்துக்கொண்டாவது முழு பிளேட்டில் எடுத்துவிடுவார். பல ஸ்டூடியோக்காரர்கள் பழைய பிளேட்டுகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, வெறுங் கண்ணாடியாக்கிச் சட்டம் போடுகிறவர்களுக்கு விற்றுவிடுவது வழக்கமாயிருந்த நாளில், அவர் ஒவ்வொன்றுக்கும் நம்பர் இட்டு, காகித உறையிலிட்டு, தேக்கு அலமாரியில் செங்குத்தாக அடுக்கி வைத்திருந்தார். இடம் போதவில்லையென்று வீட்டில் சச்சரவு நடந்ததும் எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் தனியாகவே வந்து தங்களை எடுக்கச் சொன்னதும் இல்லாமலில்லை. எண்பது தாண்டிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில், பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வந்தார். பஞ்சகச்சமும் மேல்வேஷ்டியுமாக உட்கார்ந்துகொண்டு, "என் பிள்ளை இதைக் கூடத்தில் நிலைப்படிக்கு மேலே மாட்டுவான். அங்கிருந்து பயல்கள் படிக்கிற இடம் தெரியுமோ?" என்று கேட்டார். ஆசான் சிரிக்கவில்லை. "லென்ஸுக்குள்ளே நேராகப் பாருங்கள் ஐயா. அவர்கள் கூடத்தில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் நீங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்" என்றார். "அப்படியானால் அவர்கள் பாடு திண்டாட்டம்" என்று சொல்லிக் கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆசான் பந்தை அமுக்கவில்லை. சிரிப்பு அடங்கி, ஆனால் கண்ணைவிட்டு இன்னும் போகாத தருணத்தில் அமுக்கினார்.

மூத்தவர்களைத் தனியாக எடுப்பதற்கென்று சில நியமங்கள் உண்டு. இவை புஸ்தகத்தில் படித்தவையல்ல. பக்கவாட்டு வெளிச்சம் ஒவ்வொரு சுருக்கத்தையும் வாய்க்காலாக வெட்டிக் காட்டுமாகையால், எதிர்ப்புறம் வெள்ளைத் துணி போர்த்திய சட்டமொன்றை நிறுத்தி நிழலை இளக்குவோம். சாய்வு நாற்காலி கூடாது. வயோதிகர் அதில் அமிழ்ந்து, முகவாய் மார்பில் இறங்கிவிடும். மெத்தைக்கு அடியில் பலகை செருகிய, கை வைத்த நிமிர்ந்த நாற்காலியே தக்கது. மூக்குக் கண்ணாடியில் கூரையின் வெளிச்சம் முழுதும் பளிச்சென்று விழுந்து கண்ணை விழுங்கும். அதற்குக் காதின் மேலுள்ள கம்பியை நூலிழை தூக்கிவைத்தால் போதும், வெளிச்சம் கீழே வழுகிவிடும். அதுவும் பலிக்காவிட்டால், கண்ணாடி கழற்றிய வெறும் சட்டங்கள் இரண்டு மூன்று எங்கள் இழுப்பறையில் இருந்தன. 'மூச்சை அடக்குங்கள்' என்று சொல்லுவது பெரிய தவறு. அடக்கிய மூச்சு கண்ணைப் பிதுக்கி, தோளை உயர்த்தி, எழுபது வயதுக்காரரைப் பயந்த பிள்ளையாக்கிவிடும். 'மூச்சை விட்டுவிடுங்கள்' என்று சொல்லி, விட்டு முடிந்ததும் அடுத்த மூச்சு தொடங்குவதற்குள் இருக்கும் அந்த ஓய்வில் எடுக்க வேண்டும். புகைப்படம் தோன்றிய புதிதில், 1839ஐ அடுத்த வருஷங்களில், விநாடிக் கணக்கில் அன்றி நிமிஷக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்ததால், பிடரியை இரும்புக் கவட்டையால் தாங்கிப் பிடிப்பார்களாம். அப்படிப்பட்ட கருவி ஒன்று யாரிடமிருந்தோ வந்து எங்கள் ஸ்டூடியோ மூலையில் கிடந்தது. வாடிக்கைக்காரர்களுக்கு இரவல் கொடுக்கும் கறுப்புக் கோட்டை அதில்தான் மாட்டியிருந்தோம்.

எடுத்தான பின் டச்சிங். நெகடிவில் முகத்துச் சுருக்கங்கள் வெளிறிய கோடுகளாக இருக்கும். பிசின் கரைத்த டர்ப்பன்டைனைப் பஞ்சால் தடவி, காயவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தக் கோடுகளைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால் அச்சில் அவை மறைந்துவிடும். முழுவதும் நிரப்பினால் அறுபது வயதுக்காரர் முப்பதாகி, அவருடைய பிள்ளைக்குத் தம்பியாகிவிடுவார். அப்படிச் செய்து கொடுத்துப் பேர் வாங்கிய ஸ்டூடியோக்களும் உண்டு. இந்த வாரம் வந்ததை எடு, இத்தனை வருஷமாக வந்ததைத் தொடாதே என்பது எங்கள் ஆசானுடைய உத்தரவு. கொப்புளமும் கத்தி பட்ட காயமும் ரயிலில் தூங்காத கண்ணடிக் கருமையும் போய்விடும். நெற்றிக் கோடுகள் பாதி இளகி நிற்கும். மச்சத்தின் மேல் பென்சில் படவே கூடாது. அச்சிடும்போது அவர் ஜாக்கிரதை காட்டிய இன்னொரு விஷயம் நெகடிவைத் தவறிப் புரட்டிவிடக் கூடாதென்பது. புரண்டுவிட்டால் புடவைத் தலைப்பு வலத்தோளுக்குப் போகும், மூக்குத்தி இடம் மாறும் என்பதெல்லாம் ஒருபுறமிருக்க, மேல்வேஷ்டி மட்டும் போர்த்த வைதிகருக்குப் பூணூல் இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போய்விடும். பித்ரு காரியத்தில் போட்டுக்கொள்வது அப்படி. அறுபதாம் கல்யாணப் படம் அந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போனால், ஸ்டூடியோவுக்கு நெருப்பு வைத்தாலும் வைப்பார்கள் என்பார்.

பிறகு காலம் வேகமாக மாறிற்று. பிளேட்டு போய், பன்னிரண்டு படம் விழும் 120 சுருள் வந்தது. இறக்குமதிப் பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட நாளில் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் தந்தது எங்களைப் போன்ற சிறு ஸ்டூடியோக்களுக்கு உயிர் கொடுத்தது. அப்புறம் வர்ணம் வந்து, கூறைப்புடவை தன் சொந்தச் சிவப்பைப் பெற்றது. தரங்கம்பாடி ரயிலும் 1986இல் நின்றுபோயிற்று. இப்போது திருக்கடையூருக்கு வருகிறவர்கள் தங்கள் படக்காரரைக் கூடவே அழைத்து வந்துவிடுகிறார்கள். மாலையும் கழுத்துமாக, ஹோமப் புகையில் கண் சிவக்க, நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறார்கள். அவற்றில் எதிலும் கிழவருடைய தோள் முழுதாக இல்லை என்பது அந்தப் படங்களைப் பெரிதாக்கக் கொண்டுவருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

என் ஸ்டூடியோவை இப்போது நடத்தும் பையன் கெட்டிக்காரன். முன்வரிசையில் நான் நாலு விரற்கடை இடம் விடச் சொல்லும்போதெல்லாம், "இடைவெளி விட்டால் குரூப் பார்க்கச் சிதறிக் கிடக்கிறது ஐயா, நெருக்கி வைத்தால்தான் களையாக இருக்கிறது. தனிப்படம் வேண்டுமென்றால் அப்போதே தனியாக ஒன்று எடுத்துவிடுகிறேன், செலவா, ஒன்றா?" என்கிறான். அவன் சொல்லுவதில் நியாயமில்லாமல் இல்லை. இடம் விட்ட குரூப் சற்று விறைப்பாகத்தான் இருக்கிறது, ஆசான் எடுத்த படங்களிலேயே அதைப் பார்க்கிறேன். ஆனால் குடும்பம் முழுதும் சூழ்ந்திருக்கும்போது மட்டும் ஒரு பெரியவர் முகத்தில் வருகிற நிம்மதி, அவரைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தவுடன் போய்விடுகிறது, 'எதற்குத் தனியாக?' என்ற கேள்வி கண்ணில் வந்துவிடுகிறது. அதை எந்தப் பென்சிலாலும் நிரப்ப முடிவதில்லை. ஆகையால் எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை ஆகியிருக்கிறது: முதல் படம் அவன் இஷ்டப்படி நெருக்கமாக, இரண்டாவது படத்துக்கு முன் நான் எழுந்து போய் நாற்காலியை நகர்த்துவேன். சுவரில் மாட்டுவதற்கு வாடிக்கைக்காரர்கள் தேர்ந்தெடுப்பது எப்போதும் அவனுடைய படத்தைத்தான்.